மின்சார ஸ்கூட்டரில் வவுனியாவுக்கு

யாத்திரை என்றவுடன் காசியும் கதிர்காமமும் நினைவுக்கு வருதல் இயல்பு. நாம் எழுதப் புகுந்ததோ, திருநெல்வேலியிலிருந்து வவுனியா வரை ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தை மின்சார ஸ்கூட்டரிற் கடந்த ஒரு சிறு பிரயாணம். 2019ஆம் ஆண்டில் இவான் மக்கிறெகர், சார்லி பூர்மன் என்னும் இருவர் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள உசுவாயா நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை மின்சார மோட்டார் சைக்கிள்களிற் சென்றனர். அதன் முன்னே எமது பயணம் எறும்பு ஊர்ந்த வழியேயாகும். ஆயினும், ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது இதனையன்றி வேறொன்றை எழுத எமது மனம் இசையவில்லை. அப்பயணத்தின் முடிவில் நாம் கண்டவர் எமது பௌதிக ஆசிரியர்.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் பற்றரியும் வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை உயிர்ப்பிக்க மாத்திரம் சில துளி பெற்றோலை மருந்துபோற் போற்றி வைத்திருந்தனர். நாம் குப்பி விளக்கின் ஒளியிற் படித்தோம். அக்காலத்தில் எமது ஆசிரியர் தமது துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலியைப் பாடவைத்துக் காட்டுவார். “காந்தத்தினிடையே சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும், சுருளுக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது சுழலும். டைனமோவும் மோட்டாரும் ஒரே பொருளின் இரு முகங்கள்” என்பார். முன்னதைக் கண்ணாற் கண்டோம். பின்னதைக் காட்ட அவரிடம் பற்றரி இருக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட நாம், நாவற்குழிப் பாலத்தருகே அடியெடுத்து வைக்கவும் இடமின்றி நின்றோம். மழை பெய்துகொண்டிருந்தது. எட்டு வயதுத் தங்கை நடக்கமாட்டாது அழுதாள். எங்கிருந்தோ வந்த ஆசிரியர் அவளைத் தம் வண்டியின் கரியரில் இருத்திச் சாவகச்சேரி வரை உருட்டிச் சென்றார். விடிந்தபின் அவளை எம்மிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் உறவினரைத் தேடிச் சென்றார். நன்றியென்னும் ஒரு சொல்லை நாம் சொல்லவில்லை. பின்னர் அவர் வவுனியாவிற் குடியேறினாரென அறிந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் வண்டியில் ஏறினால் அன்று மத்தியானமே திரும்பத்தக்க தூரம். போவோம் போவோமென்று ஆண்டுகள் பல கழிந்தன.

2022ஆம் ஆண்டு எரிபொருள் முடையில் நாட்கணக்கில் வரிசையில் நின்று சலித்தவர்களுள் நாமும் ஒருவர். அம்முடை நீங்கியபின் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். சென்ற ஆடியில், ஆசிரியரின் கண்பார்வை மங்கிவிட்டதெனச் செய்தி வந்தது. இனியும் தாமதித்தல் தகாதென்று துணிந்தோம். அவர் காட்டவியலாது போன பாடத்தின் மறுபாதியை அவரிடமே கொண்டுபோதல் முறையெனத் தோன்றியமையால், பஸ்ஸை விடுத்து ஸ்கூட்டரிலேயே புறப்பட்டோம்.

அதன் மின்கலம் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரத்தைக் கொள்ளும். தொண்ணூறு கிலோமீற்றர் ஓடுமென விற்றவர் சொன்னார். அக்கணக்கிற் சோளகக் காற்றைச் சேர்க்க அவர் மறந்தார் போலும். அதிகாலை ஐந்து மணிக்குப் பரமேஸ்வராச் சந்தியைக் கடந்து, செம்மணி, நாவற்குழி, கொடிகாமம், பளை வரை இன்பமாகவே சென்றோம். ஆனையிறவிலோ இருபுறமும் வெட்டவெளி. தென்மேற்கிலிருந்து காற்று நெஞ்சில் மோதியது. காற்றினூடே செல்லும் வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகுமென்பது வகுப்பிற் கற்ற பாடம். அன்று அதனை முகத்திற் கற்றோம். வேகத்தை இருபத்தைந்துக்குக் குறைத்தும், பரந்தனை அடைந்தபோது நூற்றில் ஆறு பங்கே எஞ்சியிருந்தது.

தெருவோரத் தேநீர்க்கடையொன்றில் மூதாட்டியொருவர் இருந்தார். மின்னேற்ற இடம் கேட்டோம். குளிர்ப்பெட்டியின் செருகியைக் கழற்றி எமக்கு இடந்தந்தார். மின்கலம் நிறைய நான்கரை மணி நேரம் சென்றது. அதற்குள் அவர் புட்டும் சம்பலும் தந்து, இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர்களை விரல்மடித்துச் சொன்னார்; இரு கைவிரல்களும் போதவில்லை. விடைபெறும்போது மின்சாரத்துக்குப் பணம் நீட்டினோம். “கறண்டுக்குக் காசு வாங்கிறதோ, தம்பி? சாப்பாட்டுக்கு மட்டும் தாரும்” என்றார். விரைவாகச் செல்லும் வண்டியில் இருந்திருப்பின் அவரை நாம் கண்டிருக்கமாட்டோம்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். மாங்குளத்தில் உறவினர் வீட்டில் மீண்டும் இரண்டு மணி நேரம் மின்னேற்றினோம். அப்பாற் காட்டு மரங்கள் காற்றை மறித்தமையால் வண்டி இலகுவாக ஓடியது. பொழுது சாயும் வேளையில் வவுனியாவை அடைந்தோம்.

ஆசிரியர் திண்ணையில் இருந்தார். எமது முகம் அவருக்குத் தெரியவில்லை. குரலைக் கொண்டு பெயரைச் சொல்லிவிட்டார். முதலிற் கேட்டது, “தங்கச்சி சுகமோ?” என்பதே. அவள் இரு பிள்ளைகளின் தாய் என்று சொல்லும்போது எமது நாத் தழுதழுத்தது. அன்று சொல்லாது விட்ட நன்றியைச் சொன்னோம். “அது கிடக்கட்டும், எதிலை வந்தனீர்?” என்றார். வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பின்சில்லின் நடுவே மோட்டார் இருக்குமிடத்தை விரல்களாற் சுற்றித் தடவினார். பின்னர், ஆசனத்தின் கீழிருந்த மின்கலத்தில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“ஆனையிறவாலை பற்றரி கொண்டு வந்தனீரோ? ஒருத்தரும் மறிக்கேல்லையோ?”

“இல்லை, சேர்.”

அவர் சிரித்தார். இத்தனை காலம் ஏன் வரவில்லையென்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருப்பின் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுநாள் திரும்பும்போது சோளகம் எம்மைப் பின்னின்று தள்ளியது. முதல்நாள் பரந்தனில் வற்றிப்போன அதே மின்கலத்தில், பரந்தனிலிருந்து திருநெல்வேலி வந்துசேர்ந்த பின்னும் மூன்றிலொரு பங்கு மிஞ்சியிருந்தது.

இளைய மாணவருக்கு நாம் சொல்லத்தக்க அறிவுரை ஒன்றே. உங்களுக்குக் கற்பித்தோர் சிலர் நெடுந்தூரத்தில் வசிக்கின்றனர். செல்வதற்கு நல்ல வண்டி வரட்டுமென்று காத்திராதீர்கள். எமது ஆசிரியர் எமது வண்டியைக் கையால் மட்டுமே கண்டார்.