கெணத்துப் பேயும் ஜப்பான் துப்பறிவாளர்களும்

இந்த வாரம் மஞ்சளுக்கு மண் அணைச்சதப் பத்தி எழுதறதா இருந்தேன். வரப்புல கால் பிசகி மூணு வாரமா கயித்துக் கட்டில்லயே கெடக்கறேன். அதனால மஞ்சள் அடுத்த வாரம். இப்ப வேற கதை.

படுத்தே கெடந்தா பொழுது போகணுமில்ல? எங்க காலத்துல துப்பறியும் கதைன்னா தமிழ்வாணனோட சங்கர்லால், அப்புறம் ராஜேஷ்குமார் நாவல். ஒருத்தர் வாங்கினா ஊர்ல பத்துக் கை மாறும், கடைசியா வர்றப்ப அட்டை இருக்காது. டிவியில ‘விடாது கருப்பு’ வந்த காலத்துல, அது ஓடற நாள்ல யாரும் சாயங்காலம் தண்ணி கட்டப் போகமாட்டோம். கொலை செய்யறது மனுசனா, கருப்பசாமியான்னு தெரியாம மண்டை காயும். அந்த ருசியில ஏதாச்சும் இருக்கா அம்மிணின்னு மககிட்ட கேட்டேன். காலேஜ் போற புள்ள. “ஜப்பான் அனிமே பாருங்கப்பா”ன்னு போனைக் கையில குடுத்துட்டா.

பொம்மைப் படம் பாக்கற வயசான்னு மொதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு. கீழே ஓடற இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பாதி புரியும். மீதிய நிறுத்தி நிறுத்தி அவ சொல்லுவா.

மொதல்ல பாத்தது ‘டிடெக்டிவ் கோனன்’. கோஷோ அவோயாமான்னு ஒருத்தர் 1994-ல ஆரம்பிச்ச படக்கதை. 1996-ல இருந்து டிவியில ஓடுது, ஆயிரம் பகுதி தாண்டியும் நிக்கல. பதினேழு வயசுப் பையனுக்கு விஷத்தக் குடுக்க, அவன் சாகாம சின்னக் குழந்தையா சுருங்கிப் போறான். மூளை மட்டும் அதே மூளை. இதுல ஒரு தீவு. அங்க இருக்கற பியானோவுக்கு சாபம்னு ஊரே நம்புது. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பியானோக்காரர் குடும்பத்தோட தீயில செத்துருக்காரு. அந்தப் பாட்டு கேட்டாலே ஒரு சாவு விழுது. கோனன் தோண்டத் தோண்ட, சாபம் எல்லாம் ஒண்ணுமில்ல, ஊர்ப் பெரிய மனுசங்க மூடி வச்ச பழைய அநியாயம்னு வெளிய வருது. யார் செஞ்சாங்கன்னு நான் சொல்லல, நீங்களே பாத்துக்கோங்க.

“இது மாதிரியே, ஆனா பேயும் நெசமா இருக்கற கதை வேணும்”னு கேட்டேன். ‘முஷிஷி’ போட்டுவிட்டா. 2005-ல வந்தது, 26 பகுதி. ஒவ்வொண்ணும் தனிக்கதை. கிங்கோன்னு ஒரு நாடோடி, வெள்ளை முடி, ஒத்தைக் கண்ணு. ‘முஷி’ன்னு கண்ணுக்குத் தெரியாத உசிருங்க. செடியும் இல்ல, மிருகமும் இல்ல. அதுங்க மனுசன்மேல ஏறிக்கிட்டா காது கேக்காது, கண்ணு போயிடும். கிங்கோ வேப்பிலை அடிக்கறவன் இல்ல. நம்மூருக்கு வர்ற மாட்டு டாக்டர் மாதிரி. எப்ப இருந்து இப்படி இருக்கு, என்ன தின்னீங்க, எங்க தூங்குனீங்கன்னு பொறுமையா விசாரிப்பான். முஷி மேல அவனுக்குக் கோவமும் கெடையாது. அதும் பொழைக்கத்தான வந்துருக்குங்கற மாதிரி பேசுவான். காடும் மலையும் மழையுமா, பாக்கறப்பவே மண்வாசம் அடிக்கற மாதிரி இருந்துச்சு. விவசாயிங்க கண்டிப்பா பாக்கணும்.

மூணாவது பாத்தது ‘மோனோனோகே’. 2007-ல வந்தது, 12 பகுதி, அஞ்சு கதை. (மியாசாகி எடுத்த ‘இளவரசி மோனோனோகே’ படம் வேற, குழப்பிக்காதீங்க.) முதுகுல மருந்துப்பெட்டி சுமந்து வர்ற ஒரு வியாபாரி. அவனுக்குப் பேரே கெடையாது. பேயை வெட்டற கத்தி வச்சிருக்கான். ஆனா அந்தக் கத்தி நெனச்ச உடனே உறையை விட்டு வராது. பேயோட உருவம் என்ன, நடந்த உண்மை என்ன, அது அப்படி ஆனதுக்குக் காரணம் என்ன, மூணும் தெரிஞ்சாத்தான் வரும்.

கடைசிக் கதையில பத்திரிகை வேலை பாத்த ஒரு பொண்ணு செத்துப் போறா. அவளே செத்துட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க. அந்தச் சாவுல சம்பந்தப்பட்ட ஆளுங்க ஒரு ரயில் பெட்டியில மாட்டிக்கறாங்க. ஆளுக்கு ஒரு பங்கு இருக்கு. பொய் சாட்சி சொன்னவளும் அதுல இருக்கா.

அது முடிஞ்சதும் போனைக் கவுத்து வச்சுட்டேன். கால் வலிக்குதான்னு மக கேட்டா. இல்லன்னேன்.

எங்க தோட்டத்துக்குக் கிழக்கால ஒரு பாழுங்கெணறு இருக்கு. அதப் பேய்க்கெணறும்பாங்க. உச்சி வெயில்லயும் அமாவாசையிலயும் யாரும் போகமாட்டாங்க. அங்க ஒருத்தி வெள்ளைச் சீலையில நிப்பாள்னு, கொலுசுச் சத்தம் கேக்கும்னு கதை. என் மகளுக்குமே சின்ன வயசுல அதச் சொல்லித்தான் சோறு ஊட்டினோம்.

அவ வெள்ளைச் சீலை கட்டி நான் பாத்ததே இல்ல. பச்சைச் சீலைதான் கட்டுவா. எனக்கு அப்ப பதினாலு வயசு. எங்க வீட்டுக்கு மோர் வாங்க வருவா, போறப்ப என் நோட்டுல இருக்கற படத்தைப் பாத்துட்டுப் போவா. மூணு வயசுல ஒரு பொம்பளப் புள்ள அவ இடுப்புல. ராத்திரி அப்பாகூட தண்ணி கட்டப் போறப்ப, அவங்க சாளையில இருந்து அடிக்கற சத்தமும் அழற சத்தமும் கேக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. “என்னங்கப்பா அது”ன்னு கேட்டேன். “ஊட்டுச் சண்டை, நமக்கெதுக்கு, மடையத் திருப்பு”ன்னாரு.

ஐப்பசியில ஒரு விடியக்காலை அவளக் கெணத்துல இருந்து எடுத்தாங்க. தண்ணி எடுக்கப் போயி கால் வழுக்கிட்டாள்னாங்க. போலீசு வந்து கேட்டப்ப, “நாங்க ஒண்ணும் பாக்கலீங்க, கேக்கலீங்க”ன்னு அப்பா சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். என்கிட்டயும் கேட்டாங்க. நானும் தலையாட்டினேன்.

பேய்க்கதை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. இப்ப யோசிச்சா, அந்தப் பேய் எங்க எல்லாருக்கும் எவ்வளவு வசதியா இருந்துருக்குன்னு தெரியுது. பேய்னு சொல்லிட்டா ஏன் செத்தாள்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. உருவத்த மட்டும் நாங்க நல்லா ஞாபகம் வச்சுக்கிட்டோம், அதுவும் தப்பான சீலையில.

நாப்பது வருசத்துல மொத தடவையா இத மககிட்ட சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “அவங்க பேரு என்னங்கப்பா?”ன்னு கேட்டா. பேரச் சொன்னேன். இங்க எழுதல. அந்த மூணு வயசுப் புள்ளைய தாய்மாமன் தூக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப எங்கயோ பேரன் பேத்தி பாக்கற வயசு அதுக்கு. அது இதப் படிச்சா என்ன நெனைக்கும்னு எனக்குப் பயமா இருக்கு. எங்கப்பா போயி பதினோரு வருசம் ஆச்சு. அவரக் குத்தஞ்சொல்ல மனசு வரல. தலையாட்டினது நானும்தான்.

நேத்து தம்பி பேரன் பந்து அந்தப் பக்கம் போயிருச்சுன்னு ஓடி வந்தான். “பேய் இருக்குது தாத்தா, நீங்க வாங்க”ன்னான். நொண்டிக்கிட்டே கூடப் போனேன். “பேய் எல்லாம் இல்லடா. இங்க ஒரு அக்கா இருந்தாங்க. நல்லா படம் பாப்பாங்க”ன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல. பந்து கெடச்சது போதும் அவனுக்கு.

மக அடுத்து ‘நட்சுமே’ன்னு ஒண்ணு சொல்லியிருக்கா. பேய்ங்களுக்கு அதுங்க பேரத் திருப்பிக் குடுக்கற பையனோட கதையாம். கால் ஆறறதுக்குள்ள பாத்துடணும். இதே ருசியில வேற எதாச்சும் உங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லுங்க.