தேடிக் கிடைத்த தாலாட்டு



2003ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் தாயார் பாடப் பாட அவருடைய தாலாட்டைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தேன். பின்னர்ப் பணி மாற்றலாகித் தில்லிக்கு வந்தேன். தாயார் மறைந்த பிறகு, அப்பாடலை என் மகளுக்குக் காட்ட விரும்பினேன். கோப்பின் பெயரோ நினைவில் இல்லை.

பெயர் மறந்தாலும், கோப்பினுள் உள்ள ஒரு சொல்லைக் கொண்டு அதனைத் தேடலாம். தேடல் பெட்டியில் 'ஆராரோ' என்று இட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பாடல் அழிந்துவிட்டதோ என்று மனம் பதறியது.

சற்றுச் சிந்தித்தபின் காரணம் விளங்கியது. அன்று நான் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதில் திரையில் 'ஆ' எனத் தெரிவது, கோப்பினுள் 'எம்' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தாகவே பதிவாகியிருக்கும். இன்றைய ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. நான் தமிழில் தேடினேன்; கோப்பில் இருந்தவை ஆங்கில எழுத்துகள். இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

பாமினியில் 'ஆராரோ' என்பதற்கு அழுத்தும் விசைகளை நினைவுகூர்ந்து, அந்த ஆங்கில எழுத்துகளையே தேடல் பெட்டியில் இட்டேன். கோப்பு கிடைத்தது! தாய்மாமன் சீர் கொண்டுவரும் அடிகளை வாசித்தபோது, அம்மாவின் குரல் என் செவியில் ஒலித்தது. அன்றே அதனை ஒருங்குறிக்கு மாற்றினேன்.

உங்கள் பாட்டி பாடும் பாடல்களையும் ஒருங்குறியில் எழுதி வையுங்கள். பின்னாளில் ஒரு சொல் நினைவிருந்தாலும் போதும். முழுப் பாடலும் உங்களிடம் திரும்பி வரும்.