யமுனைக் கரையில் சக்கரவர்த்திக் கீரை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சென்னையில் காலை ஒன்பது மணி வெயிலே உறைக்கும். டெல்லியில் அந்நேரம் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. பாரபுல்லா கால்வாய் யமுனையில் கலக்கும் பக்கம், சராய் காலே கானைத் தாண்டிய வெள்ளச் சமவெளியில், கேமராவோடு இறங்கினார் ஒரு சென்னைப் பெண். பள்ளிக்கரணையில் பறவை பார்த்துப் பழகியவர். யமுனை என்றால் கறுத்த நீரும் நச்சு நுரையும்தான் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை வெகுநேரம் நிற்கவில்லை. காய்ந்த நாணலுக்குள் கௌதாரி விடாமல் கூவியது. எருக்கம்பூக்களில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள். ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தத் தொடங்கியதும் அவர் வந்த வழியே பின்வாங்கினார். கூடு கட்டாமல் வெறுந்தரையில், கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும் பறவை அது, பருவமும் தொடங்கிவிட்டது. ஒரு படத்துக்காக அங்கே காலை வைப்பது அநியாயம்.

அடுத்துக் கண்ணில் பட்டது பிரம்மதண்டு. கசங்கிய பட்டுத்துணி போல மஞ்சள் இதழ்கள், வெள்ளை நரம்போடிய முள் இலைகள். படுத்துக்கொண்டு படமெடுத்தவருக்குப் பின்னால் ஒரு குரல், விழுப்புரம் பக்கத்துத் தமிழில்:

"அதத் தொடாத பாப்பா. முள்ளு. வெதையும் வெஷம்."

இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்த அம்மா, மடி நிறையக் கீரை. மதராசி கேம்ப்பில் இருந்தவராம். ஜங்புராவில் வீட்டு வேலை.

"ஒரு தடவ கடுகெண்ணெயில இதக் கலந்துட்டானுங்க. காலு வீங்கி வீங்கிச் செத்தாங்க. நாம கடலெண்ணெய் ஆளுங்க, தப்பிச்சோம்."

அன்றிரவு தேடிப் படித்தபோது அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. 1998 ஆகஸ்டில் டெல்லியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரம்மதண்டு விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். அதன் எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு நுண் இரத்தக் குழாய்களைக் கசியவிடுகிறது. நீர் கோத்துக் கால் வீங்குகிறது, முற்றினால் இதயம் செயலிழக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த செடி, இந்தியா முழுக்கத் தரிசுகளில் பூக்கிறது.

அந்த அம்மாவின் மடியில் இருந்தது சக்கரவர்த்திக் கீரை. டெல்லிக்காரர்கள் பத்துவா என்பார்கள். குளிர்காலக் கோதுமை வயலில் தானே முளைப்பது. "பூவ மட்டும் எடுக்குறியே, இத எடு" என்று ஒரு கொழுந்தை நீட்டினார். மேக்ரோ லென்ஸில் இலையின் அடிப்புறம் முழுக்க மாவு தூவியதுபோல வெண்துகள்கள் மின்னின. ஹோலி முடிந்தால் முற்றிவிடுமாம், அதற்குள் பறித்துவிட வேண்டுமாம்.

கேம்ப்பைப் பற்றி அவரே பேசினார். பாரபுல்லாக் கரையில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். மழைக்கு முன் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். எல்லாருக்கும் மாற்று வீடு கிடைக்கவில்லை. தகுதி பெற்றவர்களுக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் அடுக்குமாடி வீடுகள். அவருடைய மகள் அங்கே போய்விட்டாள். அவர் போகலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார்.

"வீடு அங்க இருக்கு. வேல இங்க இருக்கு. விடியக்காலம் பஸ்ஸப் புடிச்சு, பாத்திரம் தேச்சுட்டு, எப்பத் திரும்புறது?"

சென்னைப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. கால்வாய் அடைபட்டால் வெள்ளம் வரும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறிய சாதனை வெள்ளத்தை யார் மறப்பார்கள்? ஆனால் பாத்திரம் தேய்க்கும் வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் குடியிருப்பைக் கொடுத்துவிட்டு அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அதைச் சொன்னதும் அந்த அம்மா, "நீ சொல்லி என்ன ஆவப்போவுது, எழுதுறதுன்னா எழுது. என் மூஞ்சியப் போடாத" என்றார்.

முகத்தை எடுக்கவில்லை. கீரையைக் கிள்ளும் விரல்களை எடுக்க அனுமதி கேட்டார், கிடைத்தது. பாதிக் கீரையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்து, பாசிப்பருப்போடு கடையச் சொல்லிவிட்டு, பத்து மணி வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மா சாலைக்கு ஏறினார்.