சிங்குக்கு அடியில் என்ன பலகை?

புது வீட்டுக்கு அலமாரி அடிக்கப்போகிறவர்கள் என்னைக் கண்டால் கேட்பது, "எந்தப் பிளைவுட் நல்லது?" என்பதுதான். எங்கே வைக்கப்போகிறீர்கள், அங்கே தண்ணீர் படுமா, எவ்வளவு பாரம் ஏறும் என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு லேசாக எரிச்சல் வரும். கடைக்காரர் ஒரே பெயரில் முடித்துவிடுகிறார், இந்தக் கிழவர் எதற்குக் குறுக்கு விசாரணை செய்கிறார் என்று நினைப்பார்கள் போலும்.

முன்பெல்லாம் தேக்கு என்றால் பேச்சு முடிந்தது. 1996-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்டது. 2014-ல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று பிளைவுட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்த யூகலிப்டஸ், பாப்லர், ரப்பர் போன்றவை. நம் ஊரில் விவசாயிகள் நடும் மலைவேம்பும் இந்த ஆலைகளுக்குத்தான் போகிறது. அதில் குறை ஒன்றுமில்லை. மரத்தின் பெயரைவிடப் பசையின் தரத்தை விசாரியுங்கள்.

எம்.ஆர். என்று விற்பதில் பொதுவாக யூரியா பசை இருக்கும். காற்றின் ஈரத்தைத் தாங்கும்; தேங்கிய தண்ணீரைத் தாங்காது. படுக்கையறைத் துணி அலமாரிக்கு அது போதும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. சிங்குக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வருகிற அலமாரிகளுக்கு அதுதான் வேண்டும். 'வாட்டர் புரூஃப்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் விளிம்பு. அறுத்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு அடுக்கின் ரேகை நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கே ஓட வேண்டும். பிளைவுட்டின் பலமே அதில்தான் இருக்கிறது. நடுவில் கறுப்பாக ஓட்டை தெரிந்தாலோ, புட்டி வைத்து அடைத்திருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். கீல் மாட்டும் ஸ்க்ரூ அந்த ஓட்டையில் இறங்கினால் பிடிமானம் இருக்காது, சில மாதத்தில் கதவு தொங்கிவிடும். பலகை நெடுகத் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும். 18 எம்எம் என்று சொன்னதை அளந்தும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆளுயரத்துக்கு மேல் போகிற கதவென்றால், நடுவில் மரச்சட்டங்கள் வைத்து ஒட்டிய பிளாக்போர்டு போடுங்கள்; அது எளிதில் வளையாது. ஆனால் எதைப் போட்டாலும் மைக்காவை இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் கைச்சிக்கனம் தலைகாட்டும். வெளியே பளபளப்பான மைக்கா, உள்ளே ஒரு கோட் பெயிண்ட். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. மழைக்காலம் வந்ததும் வெறும் பக்கம் ஈரத்தைக் குடிக்கிறது, மூடிய பக்கம் குடிப்பதில்லை. கதவு வளைந்து, சாத்தினால் மூலையில் இடைவெளி விடுகிறது. விருந்தாளி கண்ணில் படுகிற இடத்துக்கெல்லாம் தாராளமாகச் செலவழித்துவிட்டு, குழாய் ஒழுகுகிற இருட்டு மூலைக்கு மிச்சம் மீதியை வைக்கிற வழக்கம் மரவேலையோடு நின்றுவிடுவதும் இல்லை.

விலை குறைவென்று பார்ட்டிகிள் போர்டு வாங்குகிறவர்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் சென்னைத் தெருவோரங்களில் கிடந்த மேசைகளையும் டி.வி. ஸ்டாண்டுகளையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தன. வாடகை வீட்டில் நாலைந்து வருஷத்துக்கு என்றால் வாங்கலாம், தப்பில்லை. தரைத்தளச் சமையலறைக்கு வேண்டாம்.

ஆசாரியைக் கடைக்குக் கூட்டிப்போவது நல்லது. கடையிலிருந்து அவருக்குக் கமிஷன் வரும் என்பதும் ஊரறிந்த விஷயம். அதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதைவிட, கூலியைக் குறைவில்லாமல் பேசிவிட்டு, "கமிஷனை விலையில் கழித்துக்கொடுங்கள்" என்று மூன்று பேரும் இருக்கும்போதே சொல்லிவிடலாம். பில்லில் வெறும் 'பிளைவுட் 18 எம்எம்' என்று எழுதினால் பணம் எண்ணாதீர்கள். கம்பெனிப் பெயர், தரம், ஐ.எஸ். எண் மூன்றும் எழுதித்தரச் சொல்லுங்கள். பலகை வண்டியில் ஏறும்போது பின்புற முத்திரையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள்.