தரங்கம்பாடியில் பத்து நாள்

உழவனுக்கு ஏர் எப்படியோ, தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படியே ஆசிரியனுக்குக் குரல். அக்கருவி ஒருநாள் என்னைக் கைவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறைகளில் ஓங்கி ஒலித்த என் குரல், தை மாதத்தில் ஒரு முற்பகல், செய்யுள் ஒன்றை விளக்கிக்கொண்டிருக்கும்பொழுதே கம்மித் தேய்ந்து வெறுங்காற்றாகிவிட்டது. மருத்துவர் என் தொண்டையை ஆராய்ந்து, குரல் நாண்களில் சிறு தடிப்புகள் தோன்றியுள்ளன என்றார். “பத்து நாள் வாய் திறவாதீர்கள், கிசுகிசுத்தலும் ஆகாது. அதன் பின்னும் குரல் தெளியாவிடில் அறுவை மருத்துவம் பற்றி எண்ண வேண்டியிருக்கும்” என்று எச்சரித்தார்.

வீட்டில் இருந்துகொண்டே வாய் பேசாதிருத்தல் எளிதன்று. நலம் உசாவ வருவோர்க்கு விடை கூறாமல் இருப்பது எங்ஙனம்? “அறிந்தவர் இல்லாத கடற்கரை ஊர் ஒன்றில் தனியே தங்கி வாருங்கள்” என்று என் மனைவி கூறினாள். அவ்வாறே, சிறு பெட்டி ஒன்றும் தாளும் எழுதுகோலும் கொண்டு தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன்.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்து செம்பொன்னார்கோயில், திருக்கடையூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. இருமருங்கும் நெல் வயல்கள். பேருந்தை விட்டு இறங்கிப் பழைய கோட்டை வாயிலைக் கடந்தால், நேரான தெரு ஒன்று கடலில் முடிகிறது. தரங்கம் என்பது அலை; பாடி என்பது ஊர். ‘அலைகள் பாடும் ஊர்’ என்று மக்கள் கூறும் பொருளும் அழகியதே. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, 1620-ஆம் ஆண்டில் டேனியர் இங்கே வாணிகம் தொடங்கிக் கோட்டையும் கட்டினர். 1845-ஆம் ஆண்டில் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற கோட்டை, கடலை நோக்கி இன்றும் நிற்கின்றது. அதன் அருகே கடலைப் பார்த்த அறை ஒன்று எனக்கு வாடகைக்குக் கிடைத்தது.

முதல் இரண்டு நாள் ஓய்வு எனக்கு ஓய்வாக இல்லை. கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்தேன். எனினும் மனம் அடங்கவில்லை. ‘குரல் திரும்பாவிடில் என் செய்வேன்? பேச இயலாத ஆசிரியனை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்?’ என்னும் எண்ணமே அலைபோல மீண்டும் மீண்டும் வந்து மோதியது.

மூன்றாம் நாள் விடியுமுன் கரைக்குச் சென்றேன். மீனவர் படகுகளை நீரில் தள்ளிக்கொண்டிருந்தனர். முதியவர் ஒருவர் முகத்தை உயர்த்திக் காற்றைப் பார்த்து, “இன்று வாடை கடுமையாக இருக்கும்” என்றார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நான் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வந்தவன். ஆயினும், வாடை எது என்று முகத்தால் உணர்ந்தறிந்தது அன்றுதான். நூலில் கண்ட சொல்லை ஒருவர் தம் உயிருக்குக் காவலாகக் கொண்டு வாழ்வதை எண்ணி வியந்து நின்றேன். அதுமுதல் என் செவி திறந்தது. பேசாத வாய்க்கு ஈடாகக் கேட்கும் செவி எனக்குக் கிடைத்தது.

கரையின் ஒரு புறத்தே மாசிலாமணி நாதர் கோயில் உள்ளது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. அதன் முற்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுபோயிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மக்கள் பலரையும் கொண்டுபோயிற்று. இருந்தும், மறுநாளைக்கு வேண்டிய வலையை மாலையில் அமர்ந்து செப்பனிடும் மக்களைக் கண்டேன். அவர்தம் இழப்பின் முன் என் கவலை சிறுத்தது.

நான்காம் நாள் மாலையில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என் அருகே வந்து, “ஐயா, நீங்கள் ஏன் பேசுவதே இல்லை?” என்று வினவினாள். ஈர மணலில், ‘குரலுக்கு ஓய்வு’ என்று விரலால் எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறிப் படித்தாள். படித்து முடிக்குமுன் அலை வந்து அழித்துவிட்டது. “இன்னொன்று எழுதுங்கள்!” என்று சிரித்தாள். அன்றுமுதல் அது எங்கள் விளையாட்டாயிற்று. நான் எழுதுவேன், அலை வருமுன் அவள் படிக்க வேண்டும்.

ஒருநாள், ‘கலங்கரை விளக்கம்’ என்று எழுதினேன். அவள் பிழையாகப் படித்தாள். வகுப்பறையாயின் அக்கணமே திருத்தியிருப்பேன். இப்பொழுதோ வாய் கட்டுண்டிருந்தது. பொறுத்திருந்தேன். அவள் புருவம் சுருக்கி எழுத்துகளை மீண்டும் நோக்கினாள். “இல்லை ஐயா, தவறு!” என்று தானே கூறித் தானே திருத்திக்கொண்டாள். அவள் முகத்தில் தோன்றிய ஒளியை நான் மறக்க மாட்டேன். எத்தனை மாணவரிடமிருந்து அவ்வொளியை என் உரத்த குரல் பறித்ததோ என்று என் நெஞ்சு வருந்தியது.

அவ்விரவு சீகன்பால்கு என்பாரின் நினைவு வந்தது. 1706-ஆம் ஆண்டில் இதே கரையில் வந்து இறங்கிய அந்தச் செருமானியர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றவர். 1715-ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாடு இவ்வூரிலேயே அச்சிட்டு முடிக்கப்பட்டது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்பவராக அமர்ந்தார். நானோ கற்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்பதை மறந்திருந்தேன்.

பதினோராம் நாள் காலையில், கடலின் முன் நின்று அஞ்சி அஞ்சி வாய் திறந்தேன். குரல் வந்தது, பழைய முழக்கம் இல்லை, தாழ்ந்த, மெல்லிய குரல்தான். மருத்துவர் அதுவே போதும் என்றார். அறுவையும் வேண்டியிராதாயிற்று.

பள்ளிக்குத் திரும்பிய அன்று செய்யுளைப் படித்து, ஒரு வினா எழுப்பினேன். முன்போல நானே விடை கூறாமல் காத்திருந்தேன். வகுப்பு அமைதியாயிற்று. நெடுநேரம் சென்றபின், கடைசி வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு விடை வந்தது. ஈராண்டுகளாக என் வகுப்பில் இருந்த அம்மாணவனின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.