பெயர்ப் பட்டியலும் பிள்ளைச் சொல்லும்

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது பழமொழி. ஊர்வாய் பெரும்பாலும் புறங்கூறும் வாய்தான். ஆயினும் அதற்கு வேறொரு பயனும் இருந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, எவன் வீட்டு வாசலுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பலாகாது என்பது எழுதாமலேயே தெரிந்திருந்தது. எழுதப்படாத அப்பட்டியலில் பிழையும் உண்டு, பகையும் உண்டு, மானத்துக்கு அஞ்சி உண்மைக் குற்றவாளியை மறைத்துவிட்ட மௌனமும் உண்டு. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபின் அந்தப் பட்டியலும் இல்லாமற் போயிற்று. எதிர்வீட்டில் இருப்பவன் யார் என்பதைப் பல ஆண்டுகள் ஆகியும் அறியாத வாழ்க்கை இன்று எங்கும் இயல்பாகிவிட்டது.

ஊர்வாய் விட்டுச் சென்ற அவ்விடத்தை அரசின் பதிவேட்டால் நிரப்பும் முயற்சி மிக விரிவாக நடந்திருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில். பாலியல் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டோரைப் பதிவு செய்து, அப்பதிவைப் பொதுமக்களே தேடிப் பார்க்கவும் வழிசெய்யும் ஏற்பாடு அது. நாளெல்லாம் பிள்ளைகளிடையே வாழும் ஆசிரியர்கள், அதன் பயனையும் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் நலம்.

கலிபோர்னியா மாநிலம் 1947-ஆம் ஆண்டிலேயே இத்தகையோரைப் பதிவு செய்யத் தொடங்கிற்று. அப்பதிவேடு காவல்துறையின் அலமாரிக்குள் இருந்தது. வாஷிங்டன் மாநிலம் 1990-இல் ஒருபடி மேலே சென்று, ஆபத்தானவர் எனக் கருதப்படுவோரைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்கவும் சட்டம் இயற்றிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில், ஜேக்கப் வெட்டர்லிங் என்னும் 11 வயதுச் சிறுவன் மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் கடத்தப்பட்டான். அவன் பெயர் தாங்கிய கூட்டரசுச் சட்டம் 1994-இல் பிறந்தது. எல்லா மாநிலங்களும் பதிவேடு வைத்தல் வேண்டும் என்பது அதன் கட்டளை.

அதே 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூஜெர்சி மாநிலத்தின் ஹாமில்டனில் மேகன் கங்கா என்னும் 7 வயதுச் சிறுமி கொலையுண்டாள். கொன்றவன் தெருவுக்கு அப்பால் எதிர்வீட்டில் வாழ்ந்தவன்; சிறுமியரிடம் தவறாக நடந்ததற்காக முன்பே இருமுறை தண்டிக்கப்பட்டவன். காவல்துறைக்குத் தெரிந்திருக்கக்கூடிய செய்தி பெற்றோருக்கு ஏன் தெரியவில்லை? மேகனின் பெற்றோர் எழுப்பிய இக்கேள்வி நாட்டையே உலுக்கிற்று. ஏறத்தாழ மூன்று திங்களில் நியூஜெர்சியும், 1996-இல் கூட்டரசும் மேகன் சட்டத்தை நிறைவேற்றின. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட எவராலும் இயலாது. இந்த ஏற்பாட்டைப் பற்றி எதைச் சொல்வதாயினும், அக்கேள்வியின் முன் நின்றே சொல்லுதல் வேண்டும்.

பதிவு நடைபெறும் முறை இதுவாகும். தண்டனை பெற்றவர் தாம் வாழும் வட்டாரத்துக் காவல் அலுவலகத்துக்கு நேரில் செல்லவேண்டும். பெயர், முகவரி, வேலை செய்யுமிடம், கல்வி பயிலுமிடம், வாகன எண் ஆகியவற்றைக் கொடுத்தல் வேண்டும். நிழற்படமும் கைரேகையும் எடுக்கப்படும். 2006-ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் குற்றங்களை மூன்று படிகளாக வகுத்தது. முதற்படியினர் 15 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும், இரண்டாம் படியினர் 25 ஆண்டுகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறையும், மூன்றாம் படியினர் வாழ்நாள் முழுவதும் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் நேரில் தோன்றவேண்டும். வீடோ வேலையோ மாறினால் மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். தவறினால் அதுவே புதிய குற்றமாகிவிடும். எல்லா மாநிலங்களும் இச்சட்டத்தை முழுமையாக ஏற்கவில்லை. ஆதலால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நாடு முழுவதும் பதிவேட்டில் இருப்போர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

தேடுவதோ மிக எளிது. மாநிலங்களின் பதிவேடுகளை ஒருங்கே தேடித் தரும் தேசிய இணையத்தளம் ஒன்று உண்டு. 2003-இல் கொலையுண்ட கல்லூரி மாணவி துரூ சோடின் என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. புதிய ஊருக்குக் குடிவரும் ஒரு தந்தை தம் முகவரியை அதில் இட்டால், சுற்றுவட்டாரத்தில் வாழும் பதிவு பெற்றோரின் பெயரும் படமும் குற்றமும் திரையில் தோன்றும். அச்சம் கொண்டவருக்கு அஃது ஓர் ஆறுதல். ஆனால் அந்தத் திரை அவருக்குக் கூறாதவை பல. இருபது ஆண்டுகளுக்குமுன் தவறு செய்து பின் ஒழுங்காக வாழ்பவர் எவர், இன்றும் ஆபத்தானவர் எவர் என்பதைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. பதினான்கு வயதிலேயே கடுங்குற்றம் புரிந்து பட்டியலில் சேர்ந்தவர்களும் உண்டு.

நியூஜெர்சி மாநிலம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்து செயற்பட்டது. ஆபத்துக் குறைந்தவர் என மதிப்பிடப்பட்டோரைப் பற்றிக் காவல்துறை மட்டும் அறியும். நடுத்தர ஆபத்துள்ளோரைப் பற்றிப் பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் தெரிவிக்கப்படும். மிக ஆபத்தானோரைப் பற்றி அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் அறிவிக்கப்படும். வேறு பல மாநிலங்கள் இவ்வாறு ஆளை மதிப்பிடாமல், குற்றத்தின் பெயரை மட்டும் கொண்டு அனைவரையும் வெளியிட்டன. இப்படி வெளியிடுவது இரண்டாம் தண்டனை ஆகாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அலாஸ்கா மாநிலத்தின் பதிவேடு தண்டனை அன்று, பொதுமக்களின் பாதுகாப்புக்கான குடிமுறை ஏற்பாடே என்று அந்நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர்.

தண்டனை அன்று என்பது சட்டத்தின் சொல். வாழ்க்கையில் அது வேறு வடிவம் கொண்டது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கனடாவிலிருந்து வந்த ஓர் இளைஞன், மேய்ன் மாநிலத்தின் இணையப் பதிவேட்டில் முகவரிகளைத் திரட்டிக்கொண்டு சென்று, அதில் இருந்த இருவரைச் சுட்டுக் கொன்றான். கொலையுண்டோருள் ஒருவர் 24 வயதினர். தம் 19-ஆம் வயதில், பதினாறு நிறையச் சில நாள்களே இருந்த தம் காதலியுடன் உறவு கொண்டதற்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். இளைஞன் கண்ட முகவரி எந்தப் பெற்றோரும் காணக்கூடிய அதே முகவரிதான். மயாமி வட்டாரத்திலோ, பிள்ளைகள் கூடும் இடங்களிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருத்தல் ஆகாது என்று 2005-இல் விதி வந்தது. நகரில் வீடு கிடைக்காமல் பலர் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரம் அடித்து வாழ்ந்தனர். 2010-இல் அக்குடியிருப்பு கலைக்கப்படும் வரை அந்தப் பாலமே அவர்களின் முகவரியாயிற்று. நிலையான வீடும் வேலையும் உறவும் அற்றவனைக் கண்காணிப்பதும் கடினம்; அவன் திருந்துவதும் கடினம்.

இந்த ஏற்பாட்டால் பயனே இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. பிரெஸ்காட், ராக்காஃப் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. காவல்துறையிடம் பதிவு செய்யும் முறை குற்றங்களைக் குறைத்தது என்று அவர்கள் கண்டனர். ஆளை அறிந்த அதிகாரிகள் அவனைக் கண்காணிக்க முடிந்தமையே அதன் காரணம் எனக் கருதினர். பெயரை ஊரறிய வெளியிடும் முறையோ, புதிதாகக் குற்றம் செய்ய எண்ணுவோரை அச்சுறுத்தக்கூடும். ஏற்கெனவே பட்டியலில் உள்ளோர் மீண்டும் தவறாமல் தடுத்ததற்கோ போதிய சான்று இல்லை. எல்லா வழிகளும் அடைபட்டவனுக்கு இழப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை அன்றோ?

இவற்றினும் அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காவல்துறைக்கு எட்டிய வழக்குகளில் பதினெட்டு வயது நிரம்பாதோருக்குத் தீங்கிழைத்தவர்களுள் 34 விழுக்காட்டினர் குடும்பத்தினர். 59 விழுக்காட்டினர் தெரிந்தவர்கள். முன்பின் அறியாதவர் 7 விழுக்காட்டினரே. பட்டியலைத் தேடும் தந்தை அயலானைத் தேடுகிறார். பெரும்பாலும் தீங்கு வருவதோ, தேட வேண்டும் என்ற எண்ணமே எழாத ஒருவரிடமிருந்து. மேலும், பட்டியலில் இருப்பவர்கள் ஒருமுறை பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டவர்கள். பிடிபடாதவன் பெயர் எந்தத் தேடலிலும் வராது.

பதிவேட்டுச் சட்டத்துக்குப் பெயர் தந்த ஜேக்கப்பின் கதையே இதற்குச் சான்றாகும். அவனைக் கொன்றவன் 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடல் கிடந்த இடத்தையும் காட்டினான். 1989-இல் ஒரு பதிவேடு இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திராது. ஆனால் ஜேக்கப் கடத்தப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்பது திங்கள் முன்பு, பக்கத்து ஊரில் வேறொரு சிறுவன் அதே மனிதனிடம் சிக்கி, விடுபட்டு, நடந்ததைக் காவல்துறையிடம் கூறியிருந்தான். அச்சொல்லுக்கும் அம்மனிதனுக்கும் உள்ள தொடர்பை மரபணுச் சோதனை உறுதிசெய்தபோது ஆண்டு 2015 ஆகிவிட்டது. மகனை இழந்த அன்னை பேட்டி வெட்டர்லிங், பதிவேட்டுக்காக முன்னின்று பாடுபட்டவர். பிற்காலத்தில் அது அளவுக்குமீறி விரிந்துவிட்டதாக ஐயம் தெரிவித்தவரும் அவரே.

வேறு நாடுகள் வேறு வழிகளை நாடின. இங்கிலாந்தில் 1997 முதல் பதிவேடு உண்டு. அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. தம் பிள்ளையுடன் பழகும் ஒருவர்மீது ஐயம் கொள்ளும் பெற்றோர், அவரைப் பற்றிக் காவல்துறையிடம் வினவும் முறை 2011-இல் இங்கிலாந்து, வேல்ஸ் எங்கும் நடைமுறைக்கு வந்தது. காவல்துறை ஆராய்ந்து, தேவையெனக் கண்டால் பிள்ளையைக் காக்கக்கூடியவரிடம் மட்டும் செய்தியைச் சொல்லும்.

மலேசியாவின் ஏற்பாடும் ஏறக்குறைய இவ்வழியைச் சார்ந்ததே. சிறார் சட்டத்துக்கு 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டோருக்கு ஒரு பதிவேட்டை வகுத்தது. அது சமூக நல இலாகாவின் பொறுப்பில் உள்ளது. பொதுமக்கள் அதனுள் நுழைந்து பெயர்களைப் பார்க்க இயலாது. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆளெடுப்போர், விண்ணப்பித்தவரின் பெயர் அதில் உண்டா என்று இலாகாவிடம் கேட்டறியலாம். பாலர் பள்ளியோ துணைப்பாட வகுப்போ நடத்துவோர் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் இருப்பது பொறுப்பின்மையாகும்.

எனினும் அந்தக் கதவும் எல்லாரையும் தடுத்துவிடாது. ரிச்சர்ட் ஹக்கள் என்னும் ஆங்கிலேயன் கோலாலம்பூரில் ஏழைப் பிள்ளைகளிடையே தொண்டனாகவும் நிழற்படக்காரனாகவும் பல ஆண்டுகள் பழகினான். 2016-இல் இலண்டன் நீதிமன்றத்தில் 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, 22 ஆயுள் தண்டனைகளைப் பெற்றான். அவன் இந்நாட்டில் உலவிய நாள்களில் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அவன் பெயர் கிடைத்திராது. நல்லவன் என்ற நம்பிக்கையே அவனுக்குக் கதவுகளைத் திறந்துவிட்டது.

மறு ஆண்டே சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்போர், அதாவது உறவினர், பாதுகாவலர், ஆசிரியர் முதலியோர், இக்குற்றங்களைச் செய்தால் வழக்கமான தண்டனைக்கு மேலும் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்கிறது அச்சட்டம். இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கவும் அது இடமளிக்கிறது. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்', 'குடும்பத்தின் மானம் போய்விடும்' என்பன போன்ற பழைய சமாதானங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே ஆசிரியரின் கடமை பட்டியலைத் தேடுவதோடு முடிவதில்லை. துணைப்பாடத்துக்குப் போக மறுக்கும் பிள்ளை, மாமா வந்தால் அறைக்குள் ஒளியும் பிள்ளை, நேற்றுவரை பேசி இன்று பேசாமலிருக்கும் பிள்ளை, இவர்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாய்திறக்கும்போது முகம் சுளிக்காமல் கேட்டலும், சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதி வைத்தலும், துருவித் துருவி வினவாமல் உரிய அதிகாரிகளிடம் அன்றே தெரிவித்தலும் எவ்வாசிரியர்க்கும் இயலும் செயல்கள். பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கு முன்னரே ஒரு பிள்ளை பேசியிருக்கும், அல்லது பேச முயன்றிருக்கும். அந்தப் பேச்சை முதலில் கேட்கும் இடத்தில் ஆசிரியர் இருக்கிறார்.