நெடுஞ்சாலை கைவிட்ட கடை... உலகம் சுற்றிய சிக்கன்!

அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில், கார்பின் ஊருக்கு அருகே பழைய 25-ம் எண் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது 'சாண்டர்ஸ் கஃபே'. கே.எஃப்.சி சிக்கனின் பிறந்த வீடு இதுதான்.

ஹார்லண்ட் சாண்டர்ஸ் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போக, தம்பி தங்கைக்குச் சமைத்துப்போட்டே அடுப்படி பழகினார். 1930-ல் கார்பினில் பெட்ரோல் பங்க் நடத்த வந்தவர், பசியோடு வந்த பயணிகளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே பரிமாறினார். அதுவே ஓட்டலாக, மோட்டலாக வளர்ந்தது. 1939-ல் தீயில் எல்லாம் போனது. அடுத்த ஆண்டே மறுபடி திறந்தார்.

வாணலியில் சிக்கன் பொரிய அரை மணி நேரமாகும். பயணிகள் காத்திருப்பார்களா? பிரஷர் குக்கரில் பொரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். (வீட்டுக் குக்கரில் முயன்றுவிடாதீர்கள், ஆபத்து!)

கடைக்குள்ளேயே ஒரு மாதிரி மோட்டல் அறையும் உண்டு. 'அறை சுத்தமா?' என்று பார்த்து முடிவெடுப்பது பெண்கள்தான் என்பது அவர் கணக்கு. அதனால், பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் அதை அமைத்தார்!

1950-களில் புதிய நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப்போகத் திட்டமானது. 1956-ல் கடையை விற்றுக் கடனை அடைத்தபோது வயது 65; மிஞ்சியது மாதம் 105 டாலர் அரசு ஓய்வூதியம். குக்கரையும் மசாலாவையும் காரில் ஏற்றி, ஓட்டல் ஓட்டலாகச் சமைத்துக் காட்டினார். விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் சில சென்ட் தந்தால் போதும் என்றார். 1964-ல் அந்த நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்றார்.

1990-ல் கடை பழையபடி புதுப்பிக்கப்பட்டது. அதே சமையலறையைப் பார்த்துவிட்டு, அங்கேயே சிக்கனும் சாப்பிடலாம். அவரது கூட்டத்தைப் பறித்த அந்தப் புதுச்சாலையிலிருந்து திரும்பித்தான் இன்று பலரும் இங்கே வருகிறார்கள்.